தெர்மாகோல் சாவி

எடமலைப்பட்டி புதூரில் உள்ள அன்புமாளிகை இல்லத்தில் வளரும் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். அதிசயம் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகள் பிறந்த தேதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவதில்லை. ஆகவே, இல்லத்தை நடத்தி வரும் 'அகிலத் திருச்சி ஆதரவற்றோர் ஆதரவாளர் பேரவை'யின் நிறுவனத் தலைவர், கொடைச்செம்மல் ஹரிஹரசுதன், தம்முடைய பிறந்த நாளையே எல்லாருக்கும் பொதுவாக வழங்கிவிட்டார். போட்டோ எடுக்காமல் அவர் கொடுத்த நன்கொடை அது ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டில் நிர்வாகத்துக்கு வசதிகள் பல. தலைவருக்குக் கேக் வெட்டினால் பிள்ளைகள் எல்லாருக்கும் வெட்டியதாக ஆகிவிடும். அதைவிட முக்கியமானது வேறு. பதினெட்டு முடிந்த பிள்ளை அன்றோடு இல்லத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்பது பேரவையின் விதி. எல்லாருக்கும் ஒரே பிறந்த நாள் என்பதால், வெளியே அனுப்பும் காரியத்தையும் அதே பந்தலில், அதே மைக் செட்டில், தலைவரின் பிறந்த நாளோடு சேர்த்து முடித்துவிடலாம். அதற்குச் சிறகு விரிப்பு விழா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வருஷ வைகாசியில் சிறகு விரிக்க வேண்டியிருந்தவன் மதுரைவீரன் ஒருவன்தான். மதுரைவீரன் சாமி கோயிலுக்குப் பக்கத்தில் கிடைத்ததால் போலீஸ்காரர் வைத்த பெயர் அது. மற்றபடி அவன் பல்லியைப் பார்த்தாலும் வழிவிட்டு ஒதுங்குகிற ரகம். பிளஸ் டூ எழுதிவிட்டு, அடுத்த வேளைச் சோறு எங்கே என்கிற கேள்வியே மனசில் வராமல் வளர்ந்த பிள்ளை. மேடையில் அவனை நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு தங்கநிறத் தாள் ஒட்டிய நாலடி நீளத் தெர்மாகோல் சாவி ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதைத் தலைவர் ஒரு முனையிலும் வீரன் மறு முனையிலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளைகள் தங்குவதற்காகவே காட்டூரில் 'விடியல்' விடுதியைக் கட்டி முடித்திருக்கிறோம். அதன் சாவியைத்தான் இந்தத் தம்பியிடம் தருகிறேன். சிலர் கேட்கிறார்கள், பதினெட்டு வயதில் பிள்ளையை வெளியே தள்ளுகிறீர்களே என்று. நான் தள்ளவில்லை. உலகத்திடம் ஒப்படைக்கிறேன். இனிமேல் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அது உலகத்தின் பொறுப்பு. பேரவையின் பொறுப்பு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். வீரனும் தட்டியிருப்பான், கையில் சாவி இருந்தது.

அன்றிரவு விழாப் பந்தலிலேயே படுத்திருந்துவிட்டு, மறுநாள் காலையில் பையும் சாவியுமாக அவன் டவுன் பஸ் ஏறினான். கண்டக்டர் சாவியை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு லக்கேஜ் போடணும் தம்பி."

"சாவிதாங்க இது."

"அப்ப வீடு எம்மாம் பெருசு இருக்கும்?"

வீடு பெரிசாகத்தான் இருந்தது. காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ரோஸ் நிறத்தில், வரிசையாக அறைகளோடு நின்றது. கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தால் கட்டில்கள் தெரிந்தன. மெத்தைகளின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கதவில் தொங்கிய பூட்டு வீரனின் உள்ளங்கைக்குள் அடங்கும். கையிலிருக்கும் சாவியையும் அந்தப் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தான். வாட்ச்மேன் வந்து, "என்ன தம்பி?" என்றார்.

"இங்க தங்க வந்திருக்கேங்க. சாவி குடுத்திருக்காங்க."

"இன்னும் திறப்பு விழா ஆகலையேப்பா."

"கட்டி முடிச்சாச்சுன்னு சொன்னாங்களே?"

"கட்டி முடிச்சு ரெண்டு வருசம் ஆவுது. பெயிண்டே ரெண்டாந்தடவை அடிச்சாச்சு. திறக்கறதுக்குப் பெரிய மனுசர் யாரும் தேதி குடுக்க மாட்டேங்கறாங்க. தேதி குடுத்தவர் ஒருத்தர் பதவியில இல்லாம போயிட்டார். பெரிய மனுசர் யாருக்காச்சும் நீ போன் போட்டுச் சொல்லிப் பாக்கறியா?"

வீரனுக்குத் தெரிந்த பெரிய மனுசர் கண்டக்டர் ஒருவர்தான். அதனால் பேரவையின் தலைமை அலுவலகத்துக்குப் போனான்.

அது புத்தூரில், ஒரு ஸ்கேன் சென்டருக்கு மாடியில் இருந்தது. செயலாளர் விஜயராணி அவனை அன்பாக உட்கார வைத்தார். பேரவையில் அன்பாகப் பேசாதவர்கள் யாருமே கிடையாது. அதுதான் அங்கே பெரிய தொந்தரவு.

"விடுதி திறக்கறப்ப திறக்கட்டும். அதுக்கு முன்னாடி நீங்க தகுதியானவர்னு முடிவாகணும் இல்லையா? விடுதி வீடில்லாதவங்களுக்கு. உங்களுக்கு வீடில்லன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து வரைக்கும் உங்க இல்லத்துலதானே மேடம் இருந்தேன். நீங்கதானே அனுப்பினீங்க."

"அதான் சொல்றேன். நேத்து வரைக்கும் உங்களுக்கு வீடு இருந்திருக்கு. அங்கதான் சந்தேகமே வருது."

விஜயராணியே வழி சொன்னார். "எங்க கள ஆய்வாளர் நேர்ல வந்து பாப்பார். நீங்க எங்க குடியில்லையோ, அந்த இடத்தோட முகவரியைக் குடுங்க. அங்க நீங்க குடியில்லன்னு உறுதி பண்ணிட்டு எழுதிடுவார்."

"நான் நெறைய எடத்துல குடியில்லையே மேடம்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. பஸ் வசதி இருக்கற எடமாப் பாத்துச் சொன்னீங்கன்னா அவருக்குச் சௌகரியம்."

யோசித்துப் பார்த்து, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை என்றான். வருஷத்துக்கு ஒரு தடவை இல்லத்திலிருந்து வேனில் அங்கே கூட்டிப் போவார்கள். யார் நீ, எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று எவரும் கேட்காத இடம் அவனுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். குளிக்க வருகிறவர்கள், திதி கொடுக்க வருகிறவர்கள், சும்மா வருகிறவர்கள் எல்லாருக்கும் அங்கே இடம் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் தண்ணீர் கேன் போடும் கடை ஒன்றில் அவனுக்கு வேலையும் கிடைத்தது. காலை முழுக்கச் சைக்கிளில் கேன் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனான். மாடி மாடியாக ஏறி, சமையலறை வரைக்கும் போய், கேனைக் கவிழ்த்துவிட்டு வருவான். ஊரில் பாதி வீட்டின் உள்கட்டு அவனுக்கு அத்துப்படி. 'வாடகைக்கு' என்று போர்டு தொங்கிய வீடுகளில் தயங்கித் தயங்கிக் கேட்டும் பார்த்தான். சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்ணுகிறார், வீட்டில் எத்தனை பேர் என்று மூன்று கேள்வி வரும். மூன்றுக்கும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. பேச்சிலருக்கு விடுவதில்லை என்று கதவைச் சாத்துவார்கள். கேன் மட்டும் நாளைக்குச் சீக்கிரம் வரட்டும் என்பார்கள்.

படித்துறைக்குப் போகும் வழியில் பவுனம்மாள் கடை போட்டிருந்தாள். அகல், மஞ்சள், வெற்றிலை, தேங்காய், பூ எல்லாம் கிடைக்கும். நாற்பத்தைந்து வயது, கணீரென்ற குரல். முதல் நாளே வீரனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் போர்டை எடுத்து அந்தாண்ட வையி, என் கடை மறையுது" என்றாள். போர்டு அல்ல, சாவி என்று அவன் முழுக்கதையையும் சொன்னான். அவள் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "படிச்சவங்க என்னென்னமோ பண்றாங்க" என்றாள். அன்றைக்கு மழை தூறியபோது பூக்கூடைக்கு மேலே அந்தச் சாவியைத்தான் கவிழ்த்து வைத்தார்கள். அன்றிலிருந்து பகலில் அது பவுனம்மாளின் கூடைக்குக் கூரை, இரவில் வீரனுக்குப் படுக்கை.

"நம்ம வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவேன்டா. இருக்கறது ஒத்த ரூமு. வயசுக்கு வந்த பொண்ணுங்க ரெண்டு பேரு, அது போக எங்க வீட்டுக்காரர். உன்னை எங்க படுக்கச் சொல்றது?" என்று அவளே ஒரு நாள் வருத்தப்பட்டாள். கேட்காத உதவிக்காக ஒருத்தர் வருத்தப்படுவது வீரனுக்குப் புதுசு. எழுந்து போய்த் தேங்காய் மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தான்.

கள ஆய்வாளர் தமிழ்மணி வருவதற்கு ஆடி பதினெட்டாகிவிட்டது. வேறு நாள் கிடைக்கவில்லையா என்று கேட்கக் கூடாது. பேரவையில் ஆய்வுத் தேதியைக் கம்ப்யூட்டர் போடுகிறது, கம்ப்யூட்டருக்கு ஆடிப்பெருக்கு தெரியாது. திருச்சி முழுவதும் அன்றைக்கு ஆற்றங்கரையில் இருந்தது. காவிரிக்குக் காப்பரிசி வைப்பவர்கள், மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்பவர்கள், தூக்கில் கட்டுச்சோறு கொண்டுவந்தவர்கள் என்று நெருக்கித் தள்ளியது. அந்தக் கூட்டத்தில் ஒரு ஃபைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெலிந்த, நல்ல மனுஷரான தமிழ்மணி வந்து சேர்ந்தார்.

"தம்பி, நீங்க குடியில்லாத எடம் இதானே?"

"ஆமா சார்."

"எந்தத் தூண்?"

தூணைக் காட்டினான். தமிழ்மணி அதைச் சுற்றி வந்தார். படுக்கை இருக்கிறதா என்றார், சாவியைக் காட்டினான். அழுத்திப் பார்த்து, "நல்லா மெத்துனு இருக்கே" என்று எழுதிக்கொண்டார். தண்ணீர் வசதிக்கு ஆற்றைப் பார்த்து, தாராளம் என்று எழுதினார். காற்றோட்டமும் திருப்தி. அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் ஒன்று வீரன் கையில் தேங்காய்ச் சோறு வைத்தது. மறுபக்கத்துக் குடும்பம் எலுமிச்சைச் சோறு வைத்தது. ஆடிப்பெருக்கில் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்காமல் சாப்பிடுவது வழக்கமில்லை. பவுனம்மாள் வியாபாரத்துக்கு நடுவே ஓடிவந்து, வாழையிலையில் புளியோதரையை வைத்து, "சாப்டுட்டு வேலையைப் பாருடா. சார், நீங்களும் எடுத்துக்கங்க. இவன் நம்ம பையன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தமிழ்மணி புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டார்.

முடிவைக் கேட்க வீரன் புத்தூருக்குப் போனபோது விஜயராணி மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார். "வாழ்த்துகள் தம்பி. உங்களுக்குப் பெரிய குடும்பம் இருக்குன்னு ஆய்வாளர் எழுதியிருக்கார். ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க உக்காந்து சோறு ஊட்டாத குறையாம்."

"அவங்க யாருன்னே தெரியாது மேடம். பெருக்குக்கு வந்தவங்க."

"புளியோதரை குடுத்தவங்க?"

வீரன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களா. வீடில்லாதவர்னா செவுரு இல்லாதவர்னு அர்த்தம் கிடையாது. ஆள் இல்லாதவர்னு அர்த்தம். உங்களுக்கு ஆள் இருக்கு. ஆள் இருக்கறவருக்கு விடுதி குடுத்தா, நிஜமாவே யாருமில்லாத ஒருத்தருக்கு நாங்க துரோகம் பண்ணினதா ஆகும்."

"அப்படி யாருமில்லாதவங்க யாராவது வந்திருக்காங்களா மேடம்?"

"இதுவரைக்கும் விண்ணப்பிச்ச எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் இருந்துட்டாங்க. ஒருத்தருக்கு டீக்கடைக்காரர். ஒருத்தருக்குக் கூட வேலை பாக்கற பையன். நம்ம ஜனங்க அப்படி. எங்களால தகுதியான ஆளையே கண்டுபிடிக்க முடியல." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நீங்க மறுஆய்வு கேக்கலாம். ஆனா அதுவரைக்கும் யார்கிட்டயும் நல்லபடியாப் பழகாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இதைக் கேட்டதும் பவுனம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "உன்னைத் தெரியாதுன்னு சொல்லணும், அவ்ளோதானே? எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து கடை முன்னாடி விழுந்து கெடந்தப்பல்லாம் சொல்லியிருக்கேன். எனக்கா தெரியாது."

ஒத்திகை பார்த்தார்கள். வீரன் தூணுக்குப் பக்கத்தில் போய் நிற்பான். அவள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "யாருப்பா நீ? உன்னை நான் பாத்ததே இல்லையே" என்பாள். அடுத்த வினாடியே, "சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்க பாரு" என்று வந்து சரி செய்துவிடுவாள். பல நாள் பாடுபட்டுத்தான் பட்டனைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கிற அளவுக்கு வந்தாள்.

மறுஆய்வு மார்கழியில் வந்தது. ஆற்றிலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. வீரனுக்கு முதல் நாளிலிருந்தே காய்ச்சல். தமிழ்மணி குரங்குக் குல்லாவும் மப்ளருமாக வந்து நேராகக் கடைக்குப் போனார்.

"அம்மா, அந்தத் தூண்கிட்ட உக்காந்திருக்கற தம்பியைத் தெரியுமா?"

பவுனம்மாள் தூண் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாதுங்க."

"ஆடியில நீங்க புளியோதரை குடுத்தீங்களே?"

"பெருக்கன்னிக்கு நூறு பேருக்குக் குடுப்பேன். மூஞ்சியெல்லாம் பாத்தா குடுக்க முடியும்?"

"பேர் தெரியுமா?"

"எனக்கெதுக்குங்க ஊரான் வீட்டுப் புள்ள பேரு."

தமிழ்மணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேரவையின் வரலாற்றில் முதல் தடவையாக, யாருமே இல்லாத ஒருவனை அவர் கண்டுபிடித்திருந்தார். மளமளவென்று எழுதினார். கையெழுத்தும் போட்டுவிட்டுப் பேனாவை மூடப் போகும் நேரத்தில் தூண் பக்கமிருந்து வீரன் இருமினான். எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் முடியாமல் மறுபடியும் இருமினான்.

"மாத்திரை போட்டியாடா?" என்றாள் பவுனம்மாள்.

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழ்மணி பேனாவை மூடவில்லை. எழுதியதன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி," என்றார் வீரனிடம் வந்து. "நான் காதால கேட்டுட்டேன். கேக்காத மாதிரி எழுதறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது."

பவுனம்மாள் அன்றைக்குப் பூரா தன் வாயைத் திட்டிக்கொண்டே இருந்தாள். கட்டில் போச்சு, மெத்தை போச்சு, இனி அந்தப் பிள்ளை பனியிலேயே கிடக்கும் என்று புலம்பினாள். வீரனுக்கும் துக்கம்தான். காட்டூர் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்பது வரைக்கும் அவன் யோசித்து வைத்திருந்தான். ஆனாலும் காய்ச்சலோடு படுத்திருந்தபோது அந்தக் கேள்வி ஞாபகம் வந்து வந்து அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவனை வரிசையில் நிறுத்தி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட்டாயா என்று யாரும் கேட்டதில்லை.

மறுபடியும் வைகாசி வந்தது. கேன் கடைக்கு விஜயராணியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அந்தச் சாவி பத்திரமா இருக்கா?"

"இருக்கு மேடம். பல்லு ரெண்டு உடைஞ்சிருக்கு."

"அய்யோ, அது பேரவைச் சொத்து. பரவால்ல, தாள் ஒட்டிக்கலாம். தலைவருக்கு அறுபது நிறையுது. மணிவிழா. யாரும் தேதி குடுக்காததால தலைவரே விடுதியைத் திறந்து வெக்கறதா முடிவு பண்ணிட்டார். சாவி வாங்க ஒரு பயனாளி வேணும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க பயனாளி."

"அப்ப எனக்கு ரூம் கிடைக்குமா மேடம்?"

"இப்ப திறக்கறது முகப்பு மட்டும்தான். உள்பக்கம் ரெண்டாங்கட்டம். விழா முடிஞ்சதும் பூட்டிடுவோம்."

வீரன் ஒப்புக்கொண்டான். அவனுக்கும் அன்றைக்குத்தானே பிறந்த நாள். பவுனம்மாளையும் கூப்பிட்டான். அவள் கடையை மகளிடம் விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் அவனோடு ஒரே சீட்டில் வந்தவள், காட்டூரில் இறங்கியதும் அவனைத் தெரியாதவளாகி, பந்தலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

விடுதி வாசலில் பெரிய ஷாமியானா. மேடையில் தலைவர் மாலையும் கழுத்துமாக, அவர் மனைவி அனுசுயா பட்டுப்புடவையில். விருந்தினருக்குக் காபி போடுவதற்காக விடுதியின் சமையலறையை மட்டும் திறந்திருந்தார்கள். காபிக்காரர் டம்ளர் வாங்கிவரப் போய்த் திரும்பவில்லை. சும்மா நின்ற வீரனைப் பார்த்து விஜயராணி, "தம்பி, பாலை அடுப்புல வெச்சுப் பாத்துக்கங்க" என்றார். வீரன் குண்டானில் பாலை ஊற்றி, புது அடுப்பைப் பற்ற வைத்து, சின்னதாக எரியவிட்டுப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். சாவியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினான். ஒரு நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தான். அது தலைவரைத் தெரியாத நினைப்பு.

சாவியின் ஒரு முனையை வீரன் கையில் கொடுத்துவிட்டு, மறு முனையைத் தாமே பிடித்துக்கொண்டு தலைவர் பேச ஆரம்பித்தார்.

"அறுபது நிறைந்தவன் மறுபடியும் பிறக்கிறான் என்பார்கள். அந்தக் கணக்கில் நான் இன்று பிறந்த குழந்தை. எனக்குத் தாயில்லை, தகப்பனில்லை. ஆகவே இந்த மேடையில் நிற்கும் ஆதரவற்றோரில் முதன்மையானவன் நான்தான். எனக்கு யார் இருக்கிறார்கள்? பேரவை இருக்கிறது. பேரவைக்கு யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். இத்தனை வருஷமாக எல்லா நன்கொடையும் எனக்கும் பேரவைக்கும் நடுவிலேயே சுற்றி வருகிறது என்று சிலர் குறை சொல்வது இந்தப் பாசத்தைப் புரிந்துகொள்ளாததால்தான்."

வீரன் சமையலறைப் பக்கம் பார்த்தான். பேச்சு தலைவரின் குழந்தைப் பருவத்தில் நுழைந்திருந்தது.

"சிலர் கேட்கிறார்கள், விடுதியைக் கட்டிவிட்டு ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று. ஆள் புழங்கினால் சுவர் அழுக்காகும், கட்டில் ஆடும். பூட்டி வைத்ததால்தான் மூன்று வருஷம் கழித்தும் புதிது போல இருக்கிறது. பயனாளிகளின் கையில் படாமல் ஒரு நலத்திட்டத்தை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் அமைப்பு வேறு எங்காவது இருந்தால் காட்டுங்கள்."

முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் கடைசி வரிசையில் இருந்த பவுனம்மாள் திறந்த கதவு வழியாக அதைப் பார்த்தாள். குண்டானில் பால் நுரைத்து ஏறி, விளிம்பைத் தாண்டி, நாலு பக்கமும் வழிந்து இறங்கியது. புது வீட்டில் பால் பொங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் எழுந்து நின்று குலவை போட்டாள். ஏன் எதற்கு என்று கேட்காமல் பந்தலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து போட்டார்கள். தூங்கியவர்கள் விழித்துக் கை தட்டினார்கள். தலைவர் தம்முடைய பேச்சுக்கென்று நினைத்து நாலு திசையும் கும்பிட்டார்.

அனுசுயா மட்டும் இறங்கிப் போய்ச் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் மாறியிருந்தது. மைக் அணைக்கப்படாததால் அவர்கள் பேசியது காட்டூர் முழுக்கக் கேட்டது.

"என்னங்க, பால் பொங்கிடுச்சு."

"அது காபிக்கு வெச்ச பாலும்மா."

"காபிக்குன்னு பாலுக்குத் தெரியுமா? புது வீடு, புது அடுப்பு, கெழக்குப் பாத்துப் பொங்கியிருக்கு. ஊரே குலவை போட்டாச்சு. குடி வந்தாச்சுன்னு அர்த்தம்."

"யாரும் குடி வரலையே. ரிப்பன் வெட்டிட்டுப் பூட்டறதாத்தானே பேச்சு."

"பால் காய்ச்சின வீட்டை அன்னிக்கே பூட்டி இருட்டாப் போடுவீங்களா? அதுவும் உங்களுக்கு அறுபது நிறையற அன்னிக்கு? எதாவது ஆச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

தலைவரின் கையிலிருந்த சாவி முனை லேசாக ஆடியது. கேள்வி கேட்டவர்கள், மனுக் கொடுத்தவர்கள், பத்திரிகையில் எழுதியவர்கள் யாராலும் அசைக்க முடியாத மனிதர் அவர். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் வீட்டில் பூனையைக்கூடக் கட்டிப்போடுகிறவர்.

"பாலை அடுப்புல வெச்சது யாரு?" என்றாள் அனுசுயா.

வீரன் பயந்துபோய், "நான்தாங்க. மைக்குல பேரைக் கூப்பிட்டதால விட்டுட்டு வந்துட்டேன், மன்னிச்சிருங்க" என்றான்.

"பால் வெச்சவன்தான் ராத்திரி படுக்கணும். விளக்கு எரியணும். இவன் இங்கயே இருக்கட்டும்."

"சார்," என்று விஜயராணி அவசரமாகக் குனிந்தார். "இந்தத் தம்பி தகுதியில்லாதவர். ரெண்டு ஆய்வுலயும் ஆள் இருக்கறதாத் தெரிஞ்சிருக்கு. பயனாளியாச் சேக்க விதி எடம் குடுக்காது."

தலைவர் யோசித்தார். "பயனாளியாச் சேக்க வேண்டாம். விளக்காச் சேத்துக்கங்க."

"எத்தனை நாளைக்கு சார்?"

பதில் அனுசுயாவிடமிருந்து வந்தது. "இதென்னம்மா கேள்வி? வீட்டுல விளக்கு எத்தனை நாள் எரியணும்னு கேக்கறீங்க?"

தலைவர் மைக் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேரவையின் நெடுநாள் கனவு இன்று நனவாகியிருக்கிறது" என்று ஆரம்பித்தார். அது வேறு ஒரு மணி நேரம் போயிற்று.

இப்படியாக மதுரைவீரன், பேரவையின் கணக்கில் 'மின்விளக்கு மற்றும் இதர ஒளி ஏற்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ், காட்டூர் விடியல் விடுதியில் குடியேறினான். தெருவைப் பார்த்த அறையை எடுத்துக்கொண்டான். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும்போது யாரோ அதட்டப் போகிறார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். காலையில் சைக்கிளில் ஸ்ரீரங்கம் போய்க் கேன் போட்டுவிட்டு வந்தான். மற்ற அறைகள் இருட்டாகக் கிடப்பது சரியா என்று அனுசுயா கேட்டதன் பேரில், அன்புமாளிகையில் முன்பு வளர்ந்து இப்போது ஒரு பட்டறையில் படுத்திருந்த காத்தான் பக்கத்து அறைக்கு விளக்காக வந்து சேர்ந்தான். இன்னும் சிலரும் விசாரித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்மணி ஃபைலோடு வந்தார். விளக்குகள் ஒழுங்காக எரிகின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். சுவரில் அந்தத் தெர்மாகோல் சாவி மாட்டியிருந்தது, அதன் மிச்சமிருந்த பற்களில் சட்டைகள் தொங்கின. பவுனம்மாள் கூடத்தில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். ஆய்வாளரையும் பேனாவையும் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. சட்டென்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"அட்ரஸ் மாறி வந்துட்டேங்க. இந்தப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே தூக்கை மூடினாள்.

தமிழ்மணி பேனாவைத் திறந்தார். "தம்பி, இந்தம்மா உங்களுக்கு யாரு?"

வீரன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். யாருமில்லை என்ற சொல்தான் நாக்கில் தயாராக இருந்தது, அவ்வளவு நாள் பழகியது. ஆனால் அது வரவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்திருக்காங்க சார்."

சொல்லிவிட்டு அந்த வார்த்தையைக் கேட்டு அவனே கொஞ்சம் திகைத்தான். பவுனம்மாள் தூக்கின் மூடியைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"குடும்பம் உண்டுன்னு எழுதும்படியா இருக்கே," என்றார் தமிழ்மணி சங்கடத்தோடு.

"எழுதிக்கங்க சார். விளக்குக்குக் குடும்பம் இருக்கக் கூடாதுன்னு விதியில இருக்கா?"

தமிழ்மணி ஃபைலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். எவ்வளவு தேடியும் அப்படி ஒரு விதி கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றும் எழுதாமலே பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"உக்காருங்க சார், காபி சாப்பிட்டுப் போலாம். பால் அடுப்புல இருக்கு" என்றான் வீரன்.

மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பவுனம்மாள் புளியோதரையை எடுத்து வைத்தாள். ஆடியில் சாப்பிட்டதைவிட இன்றைக்குக் காரம் தூக்கல் என்று தமிழ்மணி சொல்ல, மிளகாய் புதுசு என்று அவள் சொன்னாள். பேச்சு அப்படியே நீண்டது. அடுக்களையிலிருந்து மெல்ல ஒரு சத்தம் கேட்டது. தமிழ்மணிதான் முதலில் கவனித்துப் பதறி எழுந்தார்.

"தம்பி, பால் பொங்குது, பால் பொங்குது."

வீரன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பொங்கட்டும் சார். எங்க வீடுதானே."